பெருவிரலுக்கு மாற்றியது

கலியாணத்துக்கு ஒரு கிழமை இருக்க
மெனுவின் ஏழாம் பக்கத்தில் அதைக் கழற்றினேன்.
அரைவாசி அமத்தினால் ஃபோகஸ் எடுக்கும் வேலை
இனிச் சுட்டுவிரலுக்கு இல்லை.
சுட்டுவிரல் என்று பேர் வைத்ததற்காக
சுட்டுவதும் சுடுவதும்
இரண்டும் அதனிடமே இருக்கவேண்டும் என்றில்லை.
படம் அடிப்பது மட்டும் அதற்கு.
பார்ப்பது, பின்பக்கத்துச் சின்னப் பொத்தானில்,
பெருவிரலுக்கு.

போன மாசியில் பட்ட பாடு போதும்.
மானிப்பாயில் தாலி ஏறுகிற நேரம்
குறுக்கே வந்த அறுகரிசியைப் பிடித்துக்கொண்டது கமரா.
ஒவ்வொரு அரிசியும் பளிச்சென்று.
பின்னால் மாப்பிள்ளையும் பொம்பிளையும்
மழை வழியும் கண்ணாடிக்கு அப்பால் நிற்பவர்கள்போல்.
"அரிசி வடிவா வந்திருக்கு" என்றார் தாய்மாமன்.
காசில் ஐயாயிரம் குறைத்தார்.

பெருவிரல் பழக நாலு நாள் எடுத்தது.
பண்ணைப் பாலத்தில் நின்று
ஊர்காவற்றுறை பஸ்ஸைக் குறிவைத்தேன்.
அமத்தினால் துரத்தும்.
விட்டால், விட்ட தூரத்திலேயே நிற்கும்.
விட்ட தூரத்திலேயே நிற்பதை
ஒரு யந்திரத்துக்குச் சொல்லிக்கொடுக்கலாம் என்று
எனக்கு அதுவரை தெரியாது.
கடலுக்குள் ஒரு கொக்கு
நாலு நாளும் அசையாமல் நின்றது;
அதற்கும் பின்பக்கத்தில் எங்கேயோ பொத்தான் இருக்கவேண்டும்.

முன்பக்கத்தில், மோதிரவிரல் படுகிற இடத்தில்,
இன்னொன்று மிச்சமிருந்தது.
ஒருதரம் தட்டினால் கமரா தானாக முகம் தேடும்,
இன்னொருதரம் தட்டினால்
நான் வைத்த இடத்தில் மட்டும் நிற்கும்.
வீடியோ எடுக்கிற றெஜினோல்ட் சிரித்தான்:
"இவ்வளவு பொத்தானுக்கும் நீங்க
ஆர்மோனியம் பழகியிருக்கலாம் அக்கா."

கொக்குவில் மண்டபம். பத்து நாற்பத்திரண்டுக்கு முகூர்த்தம்.
பொம்பிளை சாம்பவி.
தகப்பன் ஸ்காபரோவில்; வழக்கு முடியவில்லை,
வெளிக்கிட்டால் திரும்பிப் போகேலாது.
ஆகவே ஒரு போனுக்குள் வந்திருந்தார்.
அதைத் தம்பிக்காரன் லக்சிகன்
மணவறைக்குப் பக்கத்தில் தூக்கிப் பிடித்தபடி
"அப்பா தெரியுதோ? அப்பா தெரியுதோ?"

தவில் ஏறியது.
என் பெருவிரல் சாம்பவியின் கண்ணில்.
எல்லாம் நான் எழுதிவைத்தபடி.
யாரோ முழங்கையில் இடித்தார்கள்.
மோதிரவிரல் தன் பாட்டில் முன்பொத்தானை அமத்திவிட,
முகம் தேடும் பெட்டி துள்ளி எழும்பி
பொம்பிளையை விட்டு, மாப்பிள்ளையை விட்டு,
ஐயரையும் விட்டு,
போனுக்குள் இருந்த முகத்தில் போய்க் குந்தியது.

அப்போதுதான் நானும் பார்த்தேன்.
அங்கே இரவு ஒரு மணி தாண்டியிருக்கும்.
பேஸ்மன்ட் குசினி, பின்னால் றைஸ்குக்கர்.
அந்த மனுசன் பட்டுவேட்டி கட்டி, சால்வை போட்டு,
மூன்று குறி இழுத்து,
எழும்பி நின்றுகொண்டிருந்தார்.
வலது கை பொத்தியபடி இருந்தது.

முன்பொத்தானை இன்னொருதரம் தட்டினால் போதும்,
பெட்டி சாம்பவியிடம் திரும்பும்.
காசு வாங்கியது தாலிக்கு.
மானிப்பாய் மாமன் ஞாபகத்துக்கு வந்தார்.
தட்டவில்லை.
சுட்டுவிரல் தன் ஒரே வேலையைச் செய்தது,
ஆறு தரம்.

மூன்றாவது படத்தில் பொத்திய கை திறக்கிறது.
அதிலும் அரிசிதான்.
குசினித் தரையில் விழுந்திருக்கும்.
இங்கே, பக்கத்தில், தாலி
ஒரு மஞ்சள் கலங்கல்.

றெஜினோல்ட்டின் வீடியோவால் தப்பினேன் என்று சொல்லவேண்டும்.
அல்பத்துக்கு அதிலிருந்து ஒன்று வெட்டி எடுத்தோம்;
ஒருவரும் கண்டுபிடிக்கவில்லை.
அந்த மூன்றாவதை மட்டும்
ஸ்காபரோ நம்பருக்கு அனுப்பினேன்.
இரண்டு நாள் நீலக்கோடு, பதில் இல்லை.
பிறகு வந்தது:

"தங்கச்சி, பின்னால றைஸ்குக்கர் தெரியுது.
அதை எடுத்துவிடேலுமோ?"

ஏலும் என்று எழுதினேன்.
இன்னும் எடுக்கவில்லை.